வலிக்காத புண்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். களத்தில் கிடக்கும் சாமைக் கட்டு நனையாமல் அம்மா தார்ப்பாய் போட்டு மூடினாள். நான்கு மூலைக்கும் கல் வைத்தது நான். அறிவியல் ரெக்கார்டு முடிக்க வேண்டும். முடிக்கவில்லை.

அந்த ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன். யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, சார்ஜர் லைட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு. முழுதாக எழுதப் பயம். ம.க. என்றால் மான் கறி.

மாடு தேடிப் போன பெரியப்பா மத்தியானம் புள்ளிமான் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் செத்துக் கிடந்ததாம். நாய் கடித்த தடம் இல்லை. மூக்கில் ரத்தம். பாறையிலிருந்து சறுக்கி விழுந்திருக்கும் என்றார்.

வெள்ளிக்கிழமைதான் வனத்துறை ஜீப் மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. அமிர்திக் காட்டுப் பக்கம் மான்கள் ஏதோ நோயில் சாகின்றன, செத்த மானைத் தொடாதீர்கள், தின்னாதீர்கள் என்று. நான் அதைச் சொன்னேன். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது அமிர்தி மானு. இது நம்ம மலை மானு. அதுக்கும் இதுக்கும் இன்னா ஒறவு? பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். எனக்கும் சிரிப்பு வந்தது.

அறுத்தது அப்பா. ஊரில் எந்தக் கறியானாலும் அப்பாதான் அறுப்பார். நேற்று சாமை அறுக்கும்போது அரிவாள் பட்ட இடது கட்டை விரல். துணி சுற்றியிருந்தது. கறியைப் பிடிக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டார். பாதியில் நிறுத்தி, மான் ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடுவதாகச் சொன்னார். மழை ஈரம் என்று யாரோ சொன்னார்கள். மறுபடி அறுத்தார்.

எங்கள் ஊரில் பதினான்கு வீடு. காட்டுக் கறி வந்தால் தேக்கிலையில் பதினான்கு கூறு. ஊரில் இல்லாதவர்களுக்கும் உண்டு, அவர்கள் வாசலில் கட்டித் தொங்கவிட்டு வருவார்கள். வேண்டாம் என்று ஒரு வீடும் சொல்லக் கூடாது. வாங்கியவர்கள் வெளியில் வாய் திறக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நடக்கத் தெரிந்தது போல இதுவும் தெரியும். எங்கள் கூறை வாங்கி வந்தது நான்.

சாமைச் சோறும் ம.க. குழம்பும். அப்பா நிறைய. அம்மா கொஞ்சம். தங்கை யாழினி நான்கு துண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவளுக்கு ஐந்து வயது. நான் மூன்று. ருசியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்.

மீதிக்கு உப்பும் மஞ்சளும் தடவி அம்மா அடுப்புக்கு மேலே கயிற்றில் கோத்துவிட்டாள். படுத்தபடி பார்த்தால் தெரிகிறது.


நவம்பர் 10, திங்கள்

மூடுபனி. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை.

முதல் வகுப்பிலேயே அறிவியல் டீச்சர் ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். மான்களுக்கு வந்திருப்பது அடைப்பான் என்று சந்தேகமாம், இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ். பெயரைக் கேட்டுப் பின் பெஞ்சில் சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டார். நான் ரெக்கார்டில் எழுதிக்கொண்டது:

திடீர்ச் சாவு.
மூக்கு, வாயில் ரத்தம்.
ரத்தம் உறையாது.
அறுத்தால் கிருமி வெளியே வந்து ஓடு கட்டிக்கொள்ளும். மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும்.

மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

கை தூக்கினேன். எதற்குத் தூக்கினேன் என்று தெரியவில்லை.

"நல்லா வேக வெச்சுட்டா, டீச்சர்?"

ஓடு கட்டிய கிருமி நாம் குழம்பு வைக்கிற சூட்டுக்கெல்லாம் சாகும் என்று நம்ப முடியாது என்றார். உப்புப் போட்டுக் காய வைத்தாலும் சாகாது. தின்பவரை விட அறுப்பவருக்கு முதல் ஆபத்து, கையில் காயம் இருந்தால் அதன் வழியாகவே உள்ளே போய்விடும். முதலில் கொசு கடித்தது போல அரிப்பு. பிறகு கொப்புளம். நடுவில் கரி மாதிரி கறுத்துவிடும், ஆனால் வலிக்காது. தின்றவர்களுக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றில் ரத்தம். மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் போனால் பிழைக்கலாம். சளி போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

சொல்லி முடித்து என்னையே பார்த்தார். எங்கள் பக்கம் யாராவது சாப்பிட்டார்களா என்றார். இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். எங்கள் ஊர்ப் பெண்கள் இன்னும் இரண்டு பேர் அதே வகுப்பில். இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சத்துணவு இறங்கவில்லை. குழாய்க்குப் பின்னால் போய் வாந்தி. நோயா பயமா தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். மெதுவாக, டீச்சர் சொன்ன வரிசையில். அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"பதினாலு வூடும் துன்னுச்சு. யாருக்கு இன்னா ஆச்சு? ஒனக்கு மட்டும் தான் படிப்பு தலைக்கு ஏறிச்சு."

வெளியில் இதைப் பேசினால் சூடு வைப்பேன் என்றாள். பிறகு யாழினி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.


நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. சாமை காயப் போட்டோம்.

கயிற்றில் ம.க. நேற்றைவிட இன்று நான்கு துண்டு குறைவு. எடுத்தது நான். கையில் பால் கவர் மாட்டிக்கொண்டு. வேலிக்குப் பின்னால் முழங்கை ஆழம் குழி. சுண்ணாம்பு போட வேண்டும் என்று டீச்சர் சொன்னார், வீட்டில் இல்லை. அடுப்புச் சாம்பல் போட்டு, மண் தள்ளி, கல் வைத்தேன். நாய் தோண்டுமோ. கல் போதுமா.

அம்மா கடுவன் பூனையைத் திட்டிக்கொண்டே இருந்தாள். ராத்திரி அதற்குப் பாலும் இல்லை. பாவம் பூனை.

யாழினிக்குக் காய்ச்சல் இல்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன். நான்காவது தடவை கையைத் தட்டிவிட்டாள்.

எனக்கும் இல்லை. வயிறு வலிப்பது போல இருக்கிறது, நினைத்தால் வலிக்கிறது, மறந்தால் இல்லை.


நவம்பர் 12, புதன்

குளிர். கணக்குத் தேர்வு. இருபத்தைந்துக்குப் பதினெட்டு வரும்.

சாயங்காலம் அப்பா கட்டை விரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார். அரிவாள் காயத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தடிப்பு. அரிக்கிறதாம். வேலி வெட்டும்போது சேராங்கொட்டைப் பால் பட்டிருக்கும் என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். பக்கத்து வீட்டு ராணி அக்காவும் வந்து பார்த்து அதையே சொன்னார். இங்கே எல்லோருக்கும் ஒரு தடவையாவது பட்டிருக்கும். பட்டால் அரிக்கும், கொப்புளிக்கும், கறுக்கும். தான்றிக்காய் அரைத்துப் போட்டால் போய்விடும்.

அம்மா தான்றிக்காய் அரைத்துப் போட்டாள்.

சேராங்கொட்டையாக இருக்கலாம். அப்பா வேலி வெட்டியது உண்மை. அந்த மரம் வேலியோரம் இருப்பதும் உண்மை.

சாமி, சேராங்கொட்டையாக இருக்கட்டும்.


நவம்பர் 13, வியாழன்

சோப்புத் தண்ணீரில் கை ஊறிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பாதைக் கோடியில் ஜீப் சத்தம். அம்மா கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்து, கறியைக் கவரில் சுருட்டி, என் புத்தகப் பையைத் திறந்து உள்ளே போட்டு ஜிப்பை மூடிவிட்டாள். இஸ்கூல் பிள்ளை பையை யாரும் பார்க்க மாட்டார்கள், போ என்றாள். போவதற்குள் வனக்காப்பாளர் வாசலுக்கு வந்துவிட்டார். கூட இன்னொருவர், கையில் நோட்டு.

ஆண்கள் எல்லோரும் கூடினார்கள். பெரியப்பாதான் பேசினார். மானா, நாங்கள் மானைக் காலண்டரில்தான் பார்க்கிறோம் என்றார். காப்பாளர் சிரித்தார். செத்த மானைத் தின்றிருந்தால் சொல்லிவிடுங்கள், சுகாதாரத்துறை மாத்திரை கொடுக்கும், இதற்குக் கேஸ் போட வரவில்லை என்றார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு காப்பாளர் என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, நீ சொல்லு. ஒங்கூட்ல மான் கறி ஆக்கினாங்களா?"

பை முதுகில். புகை வாசம் எனக்கே வருகிறது. ஊரே என்னைப் பார்க்கிறது. அப்பா மட்டும் தரையைப் பார்க்கிறார்.

"இல்லிங்க சார்."

அவ்வளவுதான். போய்விட்டார்கள். ஜீப் மலை இறங்கிய பிறகு பெரியப்பா என் தலையில் கை வைத்து, கெட்டிக்காரி என்றார்.

கேஸ் இல்லை என்று காப்பாளர் சொன்னதை ஏன் ஒருவரும் நம்பவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். மேலூர்க்காரர் ஒருவர் காட்டுப்பன்றிக் கேசில் போய் மூன்று மாதம் உள்ளே இருந்தார், இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவரிடமும் ஒன்றும் ஆகாது, உண்மையைச் சொல் என்றுதான் சொன்னார்களாம்.

போகிற வழியில் பள்ளத்தில் இறங்கிக் கவரோடு புதைத்தேன். கல்லால் தோண்டி. பள்ளிக்கு அரை மணி லேட், வெளியில் நிற்க வைத்தார்கள். புத்தகம் எல்லாம் புகை வாசம். பக்கத்தில் உட்காரும் கலையரசி மூக்கைச் சுளித்து, உன் வீட்டில் புத்தகத்தையும் தாளிக்கிறீர்களா என்றாள். பையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை துவைத்துவிட்டேன்.

அப்பா விரலில் கொப்புளம். நீர் கோத்திருக்கிறது.


நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். ஆளுக்கு ஒரு லட்டு. யாழினிக்குப் பாதி கொண்டு வந்தேன்.

கொப்புளம் உடைந்துவிட்டது. நடுவில் கறுப்பு. அடுப்புக்கரி மாதிரி. சுற்றிலும் வீங்கிப் பளபளப்பு.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"வலிக்குதாப்பா?"

"வலியே இல்ல பவி. நேத்து அரிச்சுது, இன்னிக்கு அதுவும் இல்ல. ஆறிட்ச்சு."

சந்தோஷமாகச் சொன்னார். அம்மாவும் தான்றிக்காய் கேட்டுவிட்டது என்றாள்.

எனக்கு எட்டாவது படிக்கும்போது சேராங்கொட்டைப் பால் பட்டது. முழங்கையில். பத்து நாள் எரிச்சலில் தூங்கவில்லை. அப்பாதான் விசிறிக்கொண்டே இருந்தார். தொட்டால் கத்துவேன். அப்பா இப்போது அந்த விரலால் தட்டைத் தள்ளுகிறார், சுண்டிப் பார்க்கிறார், ஒன்றும் இல்லை என்கிறார்.

அவர் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்படி யாராவது ஆசைப்படுவார்களா.


நவம்பர் 15, சனி

பலத்த மழை. பஸ் வராது என்று நினைத்தோம், வந்தது.

விடியும்போது அப்பாவுக்கு முழங்கை வரை வீக்கம். உடம்பு கொதிக்கிறது. அம்மா முதல் தடவையாக என்னைப் பார்த்து, உன் டீச்சர் என்ன சொன்னாங்க, மறுபடி சொல் என்றாள். சொன்னேன். வரிசை மாறாமல். இந்தத் தடவை முறம் கையில் இல்லை.

பெரியப்பா வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. போய்ச் சொல்வதில்தான் கவனம் வேண்டுமாம்.

"எங்க கெடச்சுது, யார் குடுத்தாங்கன்னு நூல் புடிச்சிக்கினே வருவாங்க. பதினாலு வூடும் மாட்டும். சேராங்கொட்டைன்னு சொல்லு. பொய்யா அது? மரம் அங்கதான கீது."

நானும் கூடப் போனேன், சீட்டு எழுத. கூட்டம். டாக்டர் விரலைப் பார்த்தார், எப்படி வந்தது என்றார். அப்பா சேராங்கொட்டைப் பால் என்றார். காட்டில் வேறு ஏதாவது தொட்டீர்களா, ஆடு மாடு ஏதாவது செத்ததா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். எட்டாக மடித்தேன்.

அரிப்புக்கு ஊசி, தடவக் களிம்பு, காய்ச்சலுக்கு மாத்திரை. இரண்டு நாளில் குறையாவிட்டால் வரச் சொன்னார். அவர் மேல் தப்பு இல்லை. நாங்கள் சொன்ன நோய்க்கு மருந்து கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். இதுவரை சாய்ந்ததில்லை. சட்டை வழியாகச் சூடு.

இனி ம.க. என்று எழுதி என்ன மறைக்கப் போகிறேன். மான் கறி. மான் கறி. செத்த மான் கறி.

எழுதும்போதே அப்பா பல் கடகடவென்று அடித்துக்கொள்வது கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.


நவம்பர் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அப்பா என்னை அவர் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோள் வரை வீக்கம். ரெக்கார்டு கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையில் என்ன ரெக்கார்டு என்று அம்மா கேட்கவில்லை. யாழினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குடை எடுத்துப் போ என்று மட்டும் சொன்னாள்.

அறிவியல் டீச்சர் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார். ஒரு மணி நேர நடை, முக்கால்வாசி ஓடினேன். தலைக்குக் குளித்துத் துணி சுற்றியிருந்தார். அந்தக் கேள்வி சும்மா கேட்டதில்லை டீச்சர் என்றேன். அவர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, யார், கையா வயிறா, எத்தனை நாள் என்று மூன்றே கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் சொன்னேன். திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு சிக்னலுக்காக மொட்டை மாடிக்கு ஓடினார். ஈரத் துணி படியிலேயே அவிழ்ந்து விழுந்தது.

ஆம்புலன்ஸ் பாதைக் கோடி வரைதான் வரும். அங்கிருந்து கட்டிலில் தூக்கிப் போனார்கள். தூக்க நான்கு பேர் வந்தார்கள். வராதவர்கள் வாசலில் நின்றார்கள். யார் வண்டியைக் கூப்பிட்டது என்று ஒருவர் கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள் நான்தான் என்றேன்.

கட்டிலில் இருந்து அப்பா என்னைப் பார்த்தார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. கண் சிவந்து கிடந்தது. வண்டியில் வந்த அக்கா விரலைப் பார்த்துவிட்டுக் கையுறை மேல் இன்னொரு கையுறை மாட்டிக்கொண்டார்.

அம்மா கூடப் போய்விட்டாள். எங்களுக்குத் துணையாக ராணி அக்கா படுத்திருக்கிறார். என்னோடு பேசவில்லை. யாழினிக்கு மட்டும் சோறு ஊட்டினார்.


நவம்பர் 17, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. வெயில். காய வைத்த சாமையைக் கோழி கிளறியது, விரட்டவில்லை.

மத்தியானம் அம்மா ராணி அக்கா போனுக்குக் கூப்பிட்டாள். கீழே பெரிய ஆஸ்பத்திரி. தனி அறை. கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது. வீக்கம் ஏறுவது நின்றிருக்கிறது, ஆனால் இறங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

வேறு யார் யார் சாப்பிட்டது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அப்பா சொன்னதை அம்மா அப்படியே சொன்னாள்.

"நான் தான் பாத்தேன், நானே அறுத்தேன், நான் ஒருத்தன் தான் துன்னேன். வூட்ல கூட யாருக்கும் குடுக்கல."

அம்மாவும் தலையாட்டிவிட்டாளாம். போனில் அழுதாள். யாழினிக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று நான்கு தடவை கேட்டாள். காலையிலிருந்து யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வெளியே போனாள். ரத்தம் இல்லை. பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நாளைக் காலை நர்சம்மா ஊருக்கு வருகிறார். டீச்சர் சொல்லி அனுப்பினார். சாப்பிட்டோம், தொட்டோம் என்று சொல்கிறவர்களுக்கு மாத்திரை. ஒருத்தரும் சொல்லாவிட்டால் பெயர் மட்டும் எழுதிக்கொண்டு, மாத்திரை கொடுக்காமல் போய்விடுவார். யார் சொல்லப் போகிறார்கள்.

பொழுது சாயும்போது பெரியப்பா வந்தார். வாசற்படியில் உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. நான் பயந்தது போல அடிக்கவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"ஒங்கப்பன் அவன் தலையிலியே போட்டுக்கினான். எங்க யாரியும் காட்டல. அவன நீ பொய்யனாக்கிடாத பவி. நாளைக்கு அந்தம்மா வந்தா வூட்டுக்குள்ள இரு."

சரி என்று தலையாட்டினேன். அவர் எழுந்திருக்கும்போது துண்டு நழுவியது. உடனே இழுத்து மூடிக்கொண்டார். அந்த மானை அவர் தோளில்தான் போட்டுக்கொண்டு வந்தார், அதன் மூக்கு அவர் பிடரியில் இடித்துக்கொண்டே வந்தது.

பெரியப்பா, அது என்ன என்றேன்.

"வேர்க்குரு. போய்ப் படு."

கார்த்திகைக் குளிரில் வேர்க்குரு.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாழினி காலை என் மேல் போட்டிருக்கிறாள். யார் யார் சாப்பிட்டது என்று நர்சம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தால் அப்பா சொன்னது பொய்யாகும். பெரியப்பா மேல் கேஸ் வரலாம். ராணி அக்கா இனி இங்கே வந்து படுக்க மாட்டார். எழுதாவிட்டால் யாழினிக்கு மாத்திரை இல்லை. இதையே எட்டு மணியிலிருந்து யோசிக்கிறேன்.

ரெக்கார்டில் கோடு போடாத பக்கம் ஒன்று மிச்சம். அதைக் கிழித்துக் காலையில் நர்சம்மா கையில் கொடுப்பேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன், பெயர் விடாமல் இருக்க.

நவம்பர் 9 அன்று மான் கறி வாங்கிய வீடுகள்:

1. எங்கள் வீடு. நான்கு பேர். யாழினி, வயது 5, இன்று வயிற்று வலி. முதலில் அவளைப் பார்க்கவும்.

2. பெரியப்பா வீடு. ஐந்து பேர். பெரியப்பாவுக்குப் பிடரியில், துண்டுக்கு அடியில். நடுவில் கறுப்பு. கேட்டால் வலிக்கவில்லை என்பார்.

3.